கைப்பிடியில் தொங்கிய KCH

நம் வயதுக்காரர்களில் என்னோடு விமானம் ஏறியவர்களுக்குத் தெரியும், பெட்டி கொடுக்கும் வரிசையில் என் பக்கத்தில் நிற்பது எவ்வளவு சங்கடம் என்று. முன்னால் நிற்பவர் யாராக இருந்தாலும் என் கண் முதலில் போவது அவர் பெட்டியின் கைப்பிடிக்குத்தான். போன பயணத்தின் அட்டை இன்னும் அதில் தொங்கினால் என் கை சும்மா இருக்காது. "பழசைக் கிழிச்சிடுங்க லா" என்று முதலில் சொல்லிப் பார்ப்பேன். கேட்காவிட்டால் நானே கிழித்துவிடுவேன். ஒரு முறை ஒரு வெள்ளைக்காரர் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். என் தங்கச்சி அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "பைத்தியம்னு நெனச்சிருப்பான்" என்றாள். நினைத்துக்கொள்ளட்டும்.

அவள் அப்படிக் கையைப் பிடித்து இழுக்கும் அளவுக்கு வளர்ந்து நிற்பதே எனக்குப் பெரிய விஷயம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருந்தது ஈஜோக்குக்கும் கோலா சிலாங்கூருக்கும் நடுவில் ஒரு தோட்டம். ரப்பர் பால் எடுத்த கித்தா மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய்க்குச் செம்பனை நட்டிருந்த காலம். அப்பா குலை ஏற்றும் லோரி ஓட்டினார். வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்தில் கடைசி வீட்டில் ஓர் அத்தை இருந்தார். சொந்த அத்தை இல்லை. அப்பா அவரை அக்கா என்று கூப்பிட்டார், அதனால் எனக்கு அத்தை. ஆனால் தோட்டம் முழுக்க அவருக்குப் பெயர் பெட்டிக்கார அம்மா.

அவருடைய மகளைப் பட்டாளத்தில் இருந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். மருமகனுக்குக் கூச்சிங்கில் வேலை. பேத்தி பிறந்தபோது அத்தை கடலைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. எங்கள் லயத்திலிருந்து முதன்முதலில் விமானம் ஏறியவர் அவர்தான். அதற்காக வாங்கிய பெட்டி கரும்பச்சை நிறம், மூலைகளில் பித்தளை, மூடினால் 'டக்' என்று ஒரு சத்தம். திரும்பி வந்தபோது கைப்பிடியில் இரண்டு அட்டைகள் தொங்கின. ஒன்றில் KCH, மற்றதில் KUL. பெரிய கறுப்பு எழுத்து, நூல் கோத்த தடித்த அட்டை. அத்தை அவற்றை அவிழ்க்கவே இல்லை.

அதன் பிறகு தோட்டத்தில் யார் விமானம் ஏறினாலும் அந்தப் பெட்டிதான் போகும். கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார். ஒரே ஒரு நிபந்தனை, இருக்கிற அட்டையை யாரும் அவிழ்க்கக் கூடாது. போய் வந்தவர் தன் அட்டையையும் அதோடு விட்டுவிட வேண்டும். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியின் மகன் பினாங்கு போய் வந்து PEN, KUL என்று இரண்டைச் சேர்த்தான். வெள்ளிக்கிழமை தோறும் அத்தை பெட்டியை வாசலில் வைத்து ஈரத்துணியால் துடைப்பார். நாங்கள் சுற்றி நின்று அட்டைகளைத் தொட்டுப் பார்ப்போம்.

அந்த எழுத்துகளைப் பற்றி எங்களுக்குள் பெரிய ஆராய்ச்சி நடந்தது. KUL கோலாலம்பூர், PEN பினாங்கு. பெயரின் முதல் மூன்று எழுத்து, கோலாலம்பூரில் மட்டும் நடுவில் ஒரு A-வை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அப்படியானால் கூச்சிங் ஏன் KCH என்று ஒருத்தி கேட்டாள். கூச்சிங்கை எழுதத் தெரியாதவன் எழுதியிருப்பான் என்றேன். பிறகு லயத்து வீடுகளுக்கெல்லாம் நானே மூன்று எழுத்து கொடுத்துக் கரிக்கட்டியால் கதவோரம் எழுதினேன். வேலை வாங்கும் மண்டோர் வீட்டுக்கு MAN. அதற்கு மண்டோர் என் காதைத் திருகினார்.

எதையும் நேராக எழுதியிருந்தால்தான் எனக்கு நிம்மதி. நான் பயந்த பிள்ளை. பயப்படக் காரணமும் இருந்தது.

தங்கச்சிக்கு அப்போது நாலு வயது. பத்து அடி நடந்தால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். உதடு நாவற்பழம் தின்றது போல் கறுக்கும். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு எழுந்து மறுபடியும் பத்து அடி நடப்பாள். இதயத்தில் ஓட்டை என்று கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தொடை வழியாக இதயம் வரை குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். அந்தப் பரிசோதனையின்போது அவளுக்கு மூச்சு நின்று திரும்பி வந்தது. அன்றைக்கு அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. இன்னொரு தடவை இந்தச் சோதனையை இந்தப் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மெட்ராஸில் இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் வாங்கிவிட்டார். அம்மாவும் தங்கச்சியும் ஞாயிறு புறப்பட்டால் வெள்ளிக்கிழமை ஆபரேஷன். படங்களையும் ரிப்போர்ட்டையும் கண்டிப்பாகக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தார்.

படங்கள் ஒரு பெரிய பழுப்பு உறைக்குள் இருந்தன. மடக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் மூன்று முறை சொன்னார்கள். அம்மாவின் கைப்பைக்குள் அது போகாது. கையில் பிடித்துக்கொண்டு போனால் பிள்ளையைத் தூக்க முடியாது. அதனால் அத்தையின் பெட்டியில், அடியில் இரண்டு சேலை, மேலே இரண்டு சேலை, நடுவில் அந்த உறையை வைத்தார்கள். இதைவிடப் பத்திரமான இடம் உலகத்திலேயே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் கிள்ளானிலிருந்து அப்பா டிக்கெட்டோடு வந்தார். "பழைய அட்டை ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு டிக்கெட் கடைக்காரன் சொல்லிட்டான். வெட்டிப் போடு" என்று பாக்குவெட்டியை என் கையில் கொடுத்தார். நூலை நறுக்கி நாலையும் எடுத்தேன். கைப்பிடி மொட்டையாக நின்றது.

பிறகுதான் எனக்கு அந்த நிபந்தனை ஞாபகம் வந்தது. நாளைக் காலையில் வழியனுப்ப அத்தை வருவார். கைப்பிடியைப் பார்ப்பார். நிபந்தனையை மீறிவிட்டீர்கள் என்று பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டால் என்ன செய்வது? வேறு பெட்டிக்கு எங்கே போவது? பெட்டி இல்லாவிட்டால் படம் இல்லை. படம் இல்லாவிட்டால் தங்கச்சி இல்லை. பத்து வயது மூளை இப்படித்தான் ஓடியது. அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் அக்காவிடம் பேசியிருப்பார், ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். பயந்த பிள்ளைகள் யாரிடமும் சொல்வதில்லை.

மற்ற மூன்றையும் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்தேன். KCH அட்டையை மட்டும், அத்தை முதலில் தேடுவது அதைத்தான் என்று, நூல் துண்டால் மறுபடியும் கட்டினேன். அவசரத்தில் முடிச்சு சரியாக விழவில்லை. பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் அட்டையைச் சொருகிவிட்டேன். அத்தை தேடினால் கிடைக்கும், அப்பா கண்ணுக்குத் தெரியாது.

மறுநாள் காலை வேன் வந்தது. அத்தை வந்தார், தங்கச்சியின் நெற்றியில் விபூதி பூசினார், பெட்டியைத் தட்டிக் கொடுத்தார். திருப்பிக் கேட்கவில்லை.

சுபாங் விமான நிலையத்தில் ஒரே நெரிசல். ஒருவர் போக, வழியனுப்ப இருபது பேர் போகிற காலம் அது, உங்களுக்கு நினைவிருக்கும். கவுண்டரில் ஒரு பெண் புது அட்டையை எடுத்துப் பெட்டியில் கட்டினாள். எக்கிப் பார்த்தேன். MAA.

"அப்பா, எழுத்துத் தப்பு. மெட்ராஸ்னா MAD தான வரணும்?"

"சும்மா இரு லா."

"தப்புப்பா. பெட்டி வேற ஊருக்குப் போயிரும்."

பெட்டி ஓடும் பட்டையில் ஏறி ரப்பர் திரைக்குப் பின்னால் மறைந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் இருந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பெட்டி போய்ச் சேராது, போய்ச் சேராது என்று அழுதேன். மண்டோர் பெஞ்சாதி என் வாயைப் பொத்தினார். "நல்ல காரியத்துக்குப் போறப்ப என்னா பேச்சு இது? கருநாக்கு" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை, கிராணி ஆபீஸிலிருந்து தந்தியை எடுத்துக்கொண்டு அவரே லயத்துக்கு நடந்து வந்தார். கிராணி லயத்துக்கு நடந்து வந்தால் நல்ல சேதியாக இருக்காது. பெட்டி வரவில்லை, படம் பெட்டியில், டாக்டர் காத்திருக்கிறார், அவ்வளவுதான் இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. என்னைக் கூட்டிக்கொண்டு சுபாங்குக்குப் போனார். பஸ்ஸில் அவர் கையிலிருந்த டிக்கெட் உறை வியர்வையில் ஊறிவிட்டது.

தொலைந்த பெட்டிகளுக்கென்று ஒரு சின்ன அறை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் நம்மவர்தான், ஆனால் மலாயில்தான் பேசினார். என்ன நிறம், எத்தனை பூட்டு, கயிறு உண்டா என்று கேட்டு எழுதினார். கடைசியாக, "பழைய அட்டை ஏதாவது தொங்கிச்சா?" என்றார்.

"இல்ல சார். எல்லாத்தையும் வெட்டியாச்சு. எம்மகதான் வெட்டுனா" என்றார் அப்பா. அவர் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

மேசைக்காரரின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு நீளப் பட்டியல் ஒட்டியிருந்தது. வரிசை வரிசையாக மூன்று எழுத்துகள், எதிரே ஊர்ப் பெயர். என் உயிரெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தது. எழுத்து தப்பு என்று ஆகிவிட்டால் போதும், தப்பு என்னுடையது இல்லை.

"சார், அவங்க MAA-னு தப்பா கட்டுனாங்க. MAD-னு கட்டியிருக்கணும்" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தமிழில் பேசினார். "MAD-னு கட்டியிருந்தா பெட்டி ஸ்பெயினுக்குப் போயிருக்கும் பாப்பா. அது மாட்ரிட். அங்க பாரு" என்று பட்டியலில் விரலை வைத்துக் காட்டினார். "உலகம் பூராவும் விமானக் கம்பெனிக்காரங்க சேர்ந்து ஒரு சங்கம் வெச்சிருக்காங்க. அவங்கதான் எழுத்து குடுப்பாங்க. ஒரு எழுத்த ரெண்டு ஊருக்குக் குடுக்க மாட்டாங்க. அது ஏற்கனவே வேற ஊருக்குப் போயிருந்தா, பேருல உள்ள வேற எழுத்து. அதுவும் இல்லாட்டி பேருக்குச் சம்பந்தமே இல்லாத எழுத்துகூட வரும். மெட்ராஸுக்கு MAA-தான். சரியாத்தான் கட்டியிருக்காங்க."

எழுத்து சரி. கட்டியவளும் சரி. அப்படியானால் மிச்சம் இருப்பது நான்தான். அப்பா எழுந்து, "சரிங்க சார், கிடைச்சா சொல்லி அனுப்புங்க" என்று கும்பிட்டார். வாசல்வரை வந்துவிட்டோம். தங்கச்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது என் கண்முன் வந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரித் தரையில், கறுத்த உதட்டோடு.

ஓடிப் போய் மேசையைப் பிடித்துக்கொண்டேன். "KCH அட்டை இருந்துச்சு சார். நான்தான் திரும்பக் கட்டுனேன்."

அவர் உடனே எழுந்து உள்ளே போனார். தட்டச்சு போல் ஓர் இயந்திரம் கடகடவென்று அடித்தது. நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. அடித்திருந்தால் தேவலை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, அவர் ஒரு தாளோடு வெளியே வந்தார்.

"கூச்சிங்ல இருக்கு. கயிறு நகந்ததுல அந்த அட்டதான் மேல வந்திருக்கும். ரெண்டு ஊரு அட்டை தொங்குனா யாரு என்னா செய்ய முடியும்? வியாழக்கிழமைக்குள்ள மெட்ராஸ் போயிரும்."

அப்பா அங்கேயே, அந்த ஆளின் முன்னால், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

தோட்டத்துக்குத் திரும்பியபோது லயமே வாசலில் காத்திருந்தது. அத்தையும் நின்றிருந்தார். பெட்டி கிடைத்தது என்று அப்பா சொன்னார். எப்படித் தொலைந்தது என்று மண்டோர் பெஞ்சாதி கேட்டார். கேட்கும்போதே என்னைப் பார்த்தார். அப்பாவும் அதைப் பார்த்தார். "அக்காவோட கூச்சிங் அட்டை அப்படியே இருந்திருக்கு. பழைய அட்டைய அவுக்கக் கூடாதுன்னு அது சட்டம் போட்டு வெச்சிருக்குல்ல" என்றார்.

நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஒரே நாளில் இரண்டு முறை உண்மை பேசும் தைரியம் எனக்கு இல்லை.

அத்தை மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் மட்டும் சுருங்கியது. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலல்ல?" என்று கேட்டார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார்.

பெட்டி வியாழன் சாயங்காலம் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தது. ஆபரேஷன் வெள்ளிக்கிழமையே நடந்தது. இரண்டு மாதம் கழித்து அம்மா தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேனிலிருந்து இறங்கிய தங்கச்சி லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடினாள். நடுவில் உட்காரவில்லை. உதடு சிவப்பாகவே இருந்தது. எல்லோரும் அழுதோம்.

ஆனால் அந்தப் பெட்டியை அதற்கப்புறம் யாரும் இரவல் கேட்கவில்லை. ராசியில்லாத பெட்டி என்று ஒருத்தர் சொன்னார், எல்லோரும் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெயர் பெட்டியை விட்டுவிட்டு அத்தைமேல் ஏறிக்கொண்டது. கல்யாணத்துக்குத் தாம்பாளம் வைக்கிற இடத்தில் அவரை முன்னால் விடவில்லை. வெள்ளிக்கிழமை துடைப்பதும் நின்றது. பெட்டிக்குள் பழைய துணியைப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். நான் அந்த வீட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

அப்பா என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார், அது புரிகிறது. கருநாக்கு என்ற பெயர் ஒரு பெண்பிள்ளைக்கு நிலைத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அவர் கணக்குப் போட்டது தன் மகளை வைத்து மட்டும்தான். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் பல வருஷமாகிவிட்டது.

வளர்ந்த பிறகு எங்கே விமான ஊர்ப் பட்டியல் கிடைத்தாலும் படிப்பேன். சுபாங்கிலிருந்து சிப்பாங்குக்கு நிலையம் மாறியபோது KUL என்ற எழுத்தும் கூடவே போய்விட்டது. அது கோலாலம்பூருக்குக் கொடுத்த எழுத்து, கட்டடத்துக்குக் கொடுத்ததில்லை. பழைய சுபாங்குக்கு SZB என்று புதிதாக ஒன்று கொடுத்தார்கள். மெட்ராஸ் சென்னையாகிப் பல வருஷமாகியும் அட்டையில் MAA என்றுதான் வருகிறது. கொடுத்த எழுத்தை லேசில் மாற்ற மாட்டார்களாம், உலகம் முழுக்கக் குழப்பமாகிவிடும். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு அத்தையின் ஞாபகம்தான் வந்தது. தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, ஆளுக்கொரு பக்கம் போன பிறகும், நம்மவர்கள் கூடுகிற இடத்தில் யாராவது, "அந்த ராசியில்லாத அம்மா எங்க இருக்கு இப்ப?" என்று கேட்கிறார்கள்.

புக்கிட் செந்தோசாவில் பேத்தி வீட்டில் இருக்கிறார், உடம்பு முடியவில்லை என்று போன மாதம் கேள்விப்பட்டேன். தங்கச்சி இப்போது கூச்சிங்கில் டீச்சர். லீவுக்கு வந்தவளை விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிப் போகாமல் நேரே புக்கிட் செந்தோசாவுக்குக் காரை விட்டேன். வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தன வருஷமா ஏன்க்கா சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

அத்தை கூடத்தில் நாற்காலியில் இருந்தார். உருவம் பாதியாகிவிட்டது, கண் மட்டும் பழைய கண். அடையாளம் தெரிந்துகொண்டார். நான் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன். அட்டையை வெட்டியது, பயந்தது, திரும்பக் கட்டியது, அப்பா சொன்னபோது வாயை மூடிக்கொண்டது. சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயா கட்டுன?" என்றார்.

"ஆமா அத்தை."

"அதான் முடிச்சு அவ்ளோ லூசா இருந்துச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வேன்ல ஏத்துறப்பப் பார்த்தேன். மத்ததெல்லாம் காணோம், இது ஒண்ணுதான் கயித்துக்கு அடியில தொங்குச்சு. இப்பவோ அப்பவோ விழுந்துரும் போல இருந்துச்சு. எம்மகளப் பார்த்துட்டு வந்த அட்டையாச்சே, மனசு கேக்கல. நான்தான் ரெட்ட முடிச்சா இறுக்கிக் கட்டுனேன்." மூச்சு வாங்கினார். "உங்கப்பா அதப் பார்த்துட்டாருன்னு நெனச்சேன். அவரு சொன்னது சரிதானே. நான் என்னான்னு மறுத்துப் பேசறது? பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் தூக்குப் போட்டிருப்பேன்."

அவர் தொட்டிருக்காவிட்டால் நான் கட்டிய முடிச்சு தானாகவே அவிழ்ந்து, அட்டை வாசலிலேயே விழுந்திருக்கும். அவர் இறுக்கிய முடிச்சுக்கு, நான் கட்டாவிட்டால் அட்டையே இருந்திருக்காது. இதை வைத்துக்கொண்டு யார் யாரை மன்னிப்பது?

அத்தை தங்கச்சியைப் பக்கத்தில் வரச் சொல்லி, அவள் உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அவள் கையோடு இழுத்து வந்து வாசலோரம் நிறுத்தியிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"இதுல என்னா போட்டிருக்கு?"

"KUL அத்தை. இப்பத்தான் கூச்சிங்லேருந்து வந்து இறங்கினேன்" என்றாள் தங்கச்சி. சொன்னவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பழக்கம் தெரிந்தவளாய், குனிந்து அந்தத் தாளைக் கிழிக்கப் போனாள்.

"இருக்கட்டும் லா" என்றார் அத்தை. "வீட்டுக்குத்தானே வந்துட்ட."